அப்பாவின் கடைசி ராத்திரியைத் தங்கையிடம் கேட்கலாமா? கூத்து இப்போது வைக்கலாமா?

குட்டியானை_மாரண்டஅள்ளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மாரண்டஅள்ளிப் பக்கம். குட்டியானை ஓட்டுகிறேன். பெரும்பாலும் தக்காளி லோடுதான், பாலக்கோடு மண்டியில் ஏற்றி எங்கே விலை இருக்கிறதோ அங்கே இறக்குவது. எழுதிப் பழக்கம் கிடையாது. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற மே 29-ஆம் தேதியோடு அப்பா போய் 5 வருஷம் ஆகிறது. கன்னத்தில் புற்று. நாற்பது வருஷம் ஒரே பக்கக் கன்னத்தில் பொகையிலையை அடக்கி வைத்திருந்தவர். 2020 பிப்ரவரியில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க மார்ச் கடைசியில் தேதி கொடுத்தார்கள். மார்ச் 24 ராத்திரி நாடே பூட்டியாயிற்று. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். திரும்பப் போய்ச் சேர்வதற்குள் ஆகஸ்ட். அந்த ஐந்து மாதத்தில் பட்டாணி அளவு இருந்தது எலுமிச்சை அளவு ஆகிவிட்டது. இதற்கு யாரைக் குறை சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால் யாரையும் சொல்வதில்லை.

அடுத்த வருஷம் மறுபடி வந்தது. "இனிமே குணப்படுத்துறது இல்லைங்க, வலி இல்லாம பாத்துக்கலாம்" என்றார்கள். 2021 மே 11-ஆம் தேதி தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருந்த வார்டில் சேர்த்தோம். பேர் வேண்டாம். நோயாளிக்கு ஒருத்தர்தான் கூட இருக்கலாம், ஆள் மாற்றக்கூடாது, உள்ளே போனவர் வெளியே வந்தால் மறுபடி விடமாட்டோம் என்பது கட்டளை. தங்கச்சி போனாள். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், அவளுக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளை என் வீட்டில் விட்டுவிட்டு ஒரு பை துணியோடு உள்ளே போனவள் 18 நாள் வெளியே வரவில்லை.

நான் தினமும் காலையில் கேட்டுக்குப் போவேன். அம்மா கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வெள்ளைத் துணியில் வடிகட்டித் தூக்குப்போசியில் கொடுப்பார். மூக்கு டியூப் வழியாகத்தான் ஊற்ற முடியும், துளி கப்பி இருந்தாலும் அடைத்துக்கொள்ளும். மே 24-இலிருந்து மளிகைக் கடைகூடத் திறக்கக்கூடாது என்றானபோது காய்கறியை வண்டியில் கொண்டுபோய் விற்கச் சொன்னார்கள் இல்லையா, அதில் என் வண்டியும் ஒன்று. கண்ணாடியில் ஒட்டிய அந்த ஒரு காகிதத்தால்தான் ஊரே வீட்டுக்குள் இருந்தபோது நான் தர்மபுரிவரை போக முடிந்தது. கேட்டுக்கு வெளியே நின்று மூன்று முறை ஹாரன் அடிப்பேன். பாப்பா மாடிப்படி இறங்கி வந்து வாட்ச்மேனிடம் போசியை வாங்கிக்கொண்டு போவாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்தான் தெரியும். "எப்படி இருக்கார்?" "அப்படியேதான்." அவ்வளவுதான் பேச்சு.

29-ஆம் தேதி விடிகாலை 2 மணிக்குப் போன் வந்தது.

கொரோனா பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, அதனால் உடம்பைப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பொட்டலமாகத்தான் தருவோம் என்றுவிட்டார்கள். அவர்கள் வண்டியிலேயே நேராக ஊர்ச் சுடுகாடு. ஜேசிபி வைத்துக் குழி தோண்டியிருந்தோம். 20 பேருக்கு மேல் கூடாது. போலீஸ்காரர் ஒருத்தர் எண்ணினார், நாங்கள் 14 பேர்தான் இருந்தோம். குளிப்பாட்டவில்லை. வாய்க்கரிசி இல்லை. மாமன் வீட்டுக் கோடித்துணியைப் பிளாஸ்டிக்குக்கு மேலே போட்டோம். அம்மா வண்டிப் பக்கத்தில் நின்று "முகத்தை மட்டும் காட்டுங்க சாமி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காட்டவில்லை. மறுநாள் சாயங்காலம் என் செல்போனுக்கு முடிவு வந்தது. நெகட்டிவ்.

எங்கள் பக்கம் பெரிய சாவு என்றால் கருமாதி ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைப்போம். தாத்தாவுக்கு வைத்தோம். அப்பாவே முன்னின்று நடத்தினார். அவருக்கு ஒன்றும் இல்லை. பதினாறாம் நாள் வீட்டுக்குள்ளேயே பால் தெளித்து முடித்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மா அன்றைக்கு அழவே இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் யார் வீட்டு எழவானாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார். உறவு, பங்காளி எதுவும் பார்ப்பதில்லை. செத்தவர் யாராக இருந்தாலும் பாடுவது அப்பாவைத்தான்.

பந்தல் போட நாதியில்ல, பறையடிக்க ஆளில்ல,
பொட்டலமா வந்தீங்களே, பொன்னு முகம் காங்கலையே.

போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு சாவு வீட்டில், "உங்க வீட்டு எழவை எங்க வீட்ல வந்து அழுவாதே" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்று ராத்திரி அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன்டா, உங்க அப்பாவுக்கு அந்தக் கூத்தை இப்ப வெச்சா என்ன?" பங்காளிகள் சிரிக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பாப்பா அந்த 18 நாளைப் பற்றி, முக்கியமாகக் கடைசி ராத்திரியைப் பற்றி, வாயே திறப்பதில்லை. அம்மா கேட்டால் "நல்லாத்தான் போனார்" என்பாள், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அன்று ராத்திரி 11 மணிக்கு ஊசியின் அளவைக் கூட்டினார்கள் என்று டிஸ்சார்ஜ் தாளில் நான் பார்த்தேன். அந்த ஊசிதான் அப்பாவை முடித்துவிட்டதோ என்று 5 வருஷமாக மனசுக்குள் ஒரு முள். இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் முதல் தடவை.

அவளிடம் கேட்கலாமா? கூத்து வைக்கலாமா? இந்த மாதிரி வீட்டில் நடந்தவர்கள் சொல்லுங்கள்.


காரிமங்கலத்தான் எழுதியது:

தம்பி, எனக்கு வயது 71. வருஷத் திவசம் கொடுத்தாகிவிட்டது என்றால் அந்தக் கணக்கு முடிந்தது. நாலு திவசம் போன வீட்டில் திரும்பவும் எழவுக் கூத்து வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அம்மாவைத் தீர்த்தமலைக்கோ ஒகேனக்கலுக்கோ கூட்டிப்போய் முழுக வைத்துக் கூட்டி வா. தங்கச்சியை ஒன்றும் கேட்காதே. பொம்பளைப் பிள்ளை மறந்துகொண்டிருக்கும், நீ போய்க் கிளறாதே.

எனக்கும் 2021-இல் தம்பி போனான். நான் ஒன்றும் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.


வீட்டுவாசல்_செவிலி எழுதியது:

அண்ணா, நான் தர்மபுரி மாவட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் செவிலி. உங்கள் அப்பா இருந்த வார்டில் நான் இல்லை. அங்கே என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஊசியைப் பற்றிச் சொல்ல முடியும்.

அது பெரும்பாலும் மார்ஃபின், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து. மாத்திரையாக இருந்தால் 4 மணி நேரத்துக்கு ஒன்று, விழுங்க முடியாமல் போனால் தோலுக்கு அடியில் ஊசி. சிறிய அளவில் ஆரம்பித்து வலி எவ்வளவு அடங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவோம். இரண்டு வாரமாக அந்த மருந்திலேயே இருக்கிற உடம்புக்கு, வலிக்குத் தகுந்தபடி இன்னும் கொஞ்சம் கூட்டியதால் மூச்சு நின்றுவிடாது. வலி கூடியது, அதனால் மருந்து கூடியது. கடைசி நாளில் நோய் வேகமாகப் போகும், வலியும் அதோடு போகும், மருந்து பின்னால் ஓடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மருந்து முன்னால் போனதுபோலத் தெரியும். பார்க்கிற வீட்டில் பாதிப் பேர் என்னிடம் இதையே கேட்கிறார்கள், அதுவும் காரியமெல்லாம் முடிந்து, நான் மிச்ச மாத்திரையைத் திரும்ப வாங்கப் போகும்போது, வாசல்வரை கூடவே வந்து, மெதுவான குரலில். நீங்கள் ஒருத்தர் மட்டும் இல்லை.

நம் ஊரில் இந்தச் சந்தேகம் வருவதற்குக் காரணமும் இருக்கிறது. 1985-ஆம் வருஷ போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபினை வாங்கி வைப்பதற்கே அத்தனை உரிமம் தேவைப்பட்டது. பல ஆஸ்பத்திரிகள் நமக்கெதற்கு வம்பு என்று அந்தப் பக்கமே போகவில்லை. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் முப்பது வருஷ பயம் ஒரு திருத்தத்தில் போய்விடுமா? கடைசி நாளில் மட்டும் பார்த்த மருந்து என்பதால் ஜனங்கள் அதைச் சாவோடு சேர்த்தே பார்க்கிறார்கள்.

கடைசி ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் கற்பனை செய்துகொண்டிருப்பீர்கள். கற்பனைதான் பெரும்பாலும் நிஜத்தைவிட மோசமாக இருக்கும், அதனால் சொல்கிறேன். பாதம் சில்லிடும். முழங்காலில் நீலமாகத் திட்டுத்திட்டாக வரும். மூச்சு வந்து வந்து நிற்கும், நின்று நின்று வரும். தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். கேட்பவர்களுக்கு மூச்சு முட்டுவதுபோல இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை. காது கடைசியில்தான் அடங்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் பேசுங்கள் என்போம். உங்கள் தங்கை பேசியிருப்பார்.

அடுத்து சொல்வது உங்களுக்குக் கோபத்தை வரவழைக்கலாம். 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, பையின் ஜிப்பைத் திறந்து வீட்டார் ஒரு தடவை முகம் பார்க்கலாம் என்றும், உடம்பைத் தொடாத சடங்குகளைச் செய்யலாம் என்றும் இருந்தது. குளிப்பாட்டுவதும் கட்டிப்பிடிப்பதும்தான் கூடாது என்றார்கள். கொரோனாவால் இறந்தவர்களுக்கே அப்படி. பயத்தில் எத்தனையோ இடத்தில் இதைச் செய்யவில்லை. நாங்களும் பயந்துதான் இருந்தோம் அண்ணா. உங்கள் அம்மா கேட்டது தப்பில்லை, அது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

அம்மா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, வேலை செய்கிறாரா? எழவு வீட்டுக்குப் போய் அழுவதை நான் நோய் என்று சொல்லமாட்டேன். ஆனால் 6 மாதத்துக்கு மேலும் துக்கம் ஆளைக் கட்டிப்போட்டு அன்றாடப் பிழைப்பையே முடக்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் அதைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள், 2022-இலிருந்து. அப்படித் தெரிந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலிமனஸ் என்று பேர், அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்தது 2021 ஆகஸ்ட் 5. வலிக்கான வைத்தியம் வீட்டுக்கே வருவதும் அதில் உண்டு. உங்கள் அப்பா போய் 10 வாரம் கழித்து. இந்தத் தேதியை நினைத்தால் எனக்கே சில வீடுகள் ஞாபகத்துக்கு வரும்.


ஊத்தங்கரை_மருமகள் எழுதியது:

உங்கள் தங்கச்சி இருந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

2020 ஏப்ரல் முடியும்வரை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கேஸ்கூட இல்லை, பச்சை மண்டலம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஜூலையில் என் மாமியாருக்கு முற்றிவிட்டது, கர்ப்பப்பை. என் வீட்டுக்காரர் சென்னையில் மாட்டிக்கொண்டார். இ-பாஸ் இரண்டு முறை நிராகரித்தார்கள். மூன்றாவது முறை கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது அத்தையை எரித்து முடித்து ஒரு நாள் ஆகியிருந்தது.

உள்ளே இருந்தது நான். மகள் இல்லை, மருமகள். பதினோரு நாள், இரண்டு நைட்டி. புண்ணிலிருந்து வரும் வாடைக்கு மாத்திரையைப் பொடி செய்து தூவுவார்கள், அதற்கப்புறமும் இருக்கும். அந்த வாடை என் தலைமுடியில் இருந்ததாக ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி என் வீட்டுக்காரர் வீடியோ காலில் வருவார். அத்தை முனகிக்கொண்டிருப்பார், நான் போனைத் திருப்பிவிட்டு "தூங்குறாங்க" என்பேன். ஒரு நாள் இல்லை, ஆறு நாள் சொன்னேன். அவர் அங்கே ஒரு ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், இதைக் காட்டி என்ன செய்யட்டும்?

அவர் வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தூங்குறாங்கன்னியே?"

அவர் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அது போலீஸ் விசாரணை மாதிரி விழுந்தது. அதற்கு மேல் இரண்டு வருஷம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்காதவர்களுக்குப் பார்க்கவில்லையே என்று துக்கம். பார்த்தவர்களுக்கு, பார்த்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாது. ஊர் முழுக்க அவரைத்தான் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னது, "பெத்தவ முகத்தைப் பாக்க முடியலையே" என்று. பார்த்தவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தர் மட்டும் கேட்டார், எங்கள் சின்ன மாமியார்: "நகையெல்லாம் கழட்டி வாங்கினியா?"

அதனால் அண்ணா, கேளுங்கள். காரிமங்கலத்துப் பெரியவர் சொல்வதுபோல அவள் மறந்துகொண்டெல்லாம் இருக்கமாட்டாள். ஆனால் "அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சு"ன்னு கேட்காதீர்கள். ஊசியைப் பற்றி முதலில் கேட்கவே கேட்காதீர்கள். சின்னதாக ஒன்று கேளுங்கள். என் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டார், "அம்மாவுக்கு அங்க ஃபேன் காத்து வந்துச்சா?" என்று. வந்தது, ஆனால் கட்டில் மூலையில் இருந்தது, நான் நர்ஸிடம் சண்டை போட்டு இழுத்துப் போட வைத்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். விடியும்வரை பேசினோம்.

இன்னொன்று. கேட்டபின் வருவது உங்களுக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். அதற்குத் தயாராக இல்லை என்றால் கேட்காதீர்கள்.


முகவீணை எழுதியது:

கூத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் அப்பா பென்னாகரம் பக்கம் ஒரு ஜமாவில் (கூத்துக் குழுவில்) முகவீணை வாசிக்கிறார், நாயனம் மாதிரி ஊதும் சின்னக் குழல் அது. நானும் விடுமுறைக்குத் தாளம் போடப் போவேன்.

ஊரடங்கு இரண்டு வருஷமும் கூத்தே இல்லை. மாசியில் ஆரம்பிக்கும் சீசன் அப்படியே போயிற்று. கூத்துக்காரர்கள் கல் உடைக்கப் போனார்கள், திருப்பூர் போனார்கள். 2022-இல் மறுபடி ஆரம்பித்தபோது அப்பாவுக்கு வந்த முதல் மூன்று கூத்தும் கர்ண மோட்சம்தான். மூன்றுமே பழைய சாவுகள். ஒருத்தர் போய் 20 மாதம் ஆகியிருந்தது. ஜமாவை நடத்தும் எங்கள் வாத்தியார் ஒன்றும் தடை சொல்லவில்லை. வீட்டு வாசலில் வேண்டாம், மந்தையிலோ கொல்லையிலோ பந்தல் போடுங்கள், திவசத்து நாளாகப் பார்த்து வையுங்கள் என்றார். அவ்வளவுதான் சாங்கியம். வீட்டுக்கு ஆகாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

யோசித்துப் பாருங்கள், அந்தக் கூத்தே அதுதானே. குந்தி கர்ணனை உயிரோடு இருந்தவரை ஊரறிய மகனே என்று கூப்பிட முடியாதவள். களத்தில் விழுந்து கிடக்கும்போதுதான் ஓடிவந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுகிறாள். காலம் கடந்து அழுகிறவளை வைத்து விடியவிடிய ஆடுகிற கூத்தைக் காலம் கடந்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

நடைமுறை ஒன்று: இறந்தவர் பேர், ஊர், அவருக்கு என்ன வேலை, என்ன பிடிக்கும் என்று குந்தி கட்டுகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். அழும்போது அதைச் சேர்த்துப் பாடுவார்கள். பொகையிலையைக்கூடச் சொல்லலாம். சிரித்துக்கொண்டே அழுவார்கள் ஜனங்கள், பார்த்திருக்கிறேன்.


குட்டியானை_மாரண்டஅள்ளி எழுதியது (3 வாரம் கழித்து):

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. பெரியவர் ஐயாவுக்கும்தான். உங்கள் தம்பியைப் பற்றி எழுதியிருந்தீர்கள், இரண்டு முறை படித்தேன்.

பாப்பாவைக் கட்டிக்கொடுத்தது காவேரிப்பட்டணம். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் லோடு. இறக்கிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அருவாமணை போட்டு ஊறுகாய்க்கு மாங்காய் பிளந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து கொட்டை எடுத்துப் போட்டேன். ஊத்தங்கரை அக்கா சொன்ன மாதிரியே, "அப்பா கடைசியா கூழ் எவ்வளவு குடிச்சார் பாப்பா?" என்று கேட்டேன்.

கை நிற்கவில்லை. பிளந்துகொண்டே சொன்னாள். "28-ஆம் தேதி ரெண்டு சிரிஞ்சு. நீ அன்னிக்கு லேட்டு."

லேட்டுதான். தினமும் ஆறரைக்குப் போகிறவன் அன்று ஒன்பதே காலுக்குப் போனேன். வெள்ளிச்சந்தையில் வண்டியைச் சுற்றிக் கூட்டம், மூன்று நாளாகக் காய் பார்க்காத ஜனங்கள். கால் கிலோ பீன்ஸுக்கு ஒரு அம்மா 5 ரூபாய் குறைக்கச் சொல்லி நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது, நானும் விடவில்லை. கேட்டுக்குப் போனபோது வாட்ச்மேன் ஹாரன் அடிக்கக்கூடாது என்றுவிட்டார், உள்ளே அதிகாரிகள் வந்திருக்கிறார்களாம். போன் போட்டுத்தான் அவளை இறங்கி வரச் சொன்னேன்.

எனக்குத் தெரியாதது என்னவென்றால், அப்பாவுக்கு அந்த ஹாரன் மேலே கேட்கும். தினமும் காலையில் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு இருப்பாராம். மூன்று சத்தம் கேட்டதும் பாப்பாவிடம் மூன்று விரலைக் காட்டுவாராம். பேச முடியாது அல்லவா. அதற்கப்புறம்தான் வாய் துடைக்க விடுவாராம். அன்று ஆறரை, ஏழு, எட்டு என்று மூன்று விரலைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறார். கடைசியில் பாப்பா, "அடிச்சான்ப்பா, நீங்க தூங்கிட்டீங்க, வந்துட்டுப் போய்ட்டான்" என்று சொல்லிவிட்டாள். அவர் கையை இறக்கிவிட்டார். அதற்கு மேல் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் வலி ஏறியது. ராத்திரி ஊசியைக் கூட்டச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சியது பாப்பாதான்.

"பொய் சொல்லி அனுப்பிட்டேன்ணா. ஊசியும் நான்தான் போடச் சொன்னேன். இதுல எதை உங்ககிட்ட சொல்றது?" என்றாள். மாங்காய்ப் பால் பட்டு அவள் விரலெல்லாம் கறுத்திருந்தது, அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து செல்போனை எடுத்து, செவிலி தங்கை எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். "வலி கூடியது, அதனால் மருந்து கூடியது" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். மறுபடி படிக்கச் சொன்னாள். அவள் மகன் பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்து அதை எழுதிக் கொடுக்கச் சொன்னாள், கொடுத்தேன்.

எனக்கு லேசாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஊசி பற்றிய முள் போய்விட்டது, அந்த இடத்தில் இப்போது பீன்ஸ் இருக்கிறது. 5 ரூபாய். வண்டி ஓட்டும்போது ஹாரனில் கை போனால் கொஞ்சம் தயங்குகிறேன். ஊத்தங்கரை அக்கா முன்னாலேயே சொன்னார்கள்தான். கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று முதல் இரண்டு நாள் நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. பாப்பா அதற்கப்புறம் இரண்டு முறை அவளாகவே போன் செய்தாள். 5 வருஷத்தில் முதல் முறை அவளாக.

அம்மாவிடம் ஹாரன் விஷயத்தைச் சொல்லவில்லை. முகம் பார்க்கலாம் என்ற வழிகாட்டுதலைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் கேட்டது நியாயந்தான்" என்றார்.

கூத்து முடிவாகிவிட்டது. வைகாசியில் திவசத்தன்று ராத்திரி, எங்கள் கொல்லையில், புளியமரத்துக்குக் கீழே. முகவீணைத் தம்பி சொன்ன ஜமாவுக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். பங்காளிகளில் இரண்டு பேர் பந்தல் செலவை ஏற்றுக்கொண்டார்கள், சிரித்தவர்கள்தான். கோடித்துணியை இந்தத் தடவை மாமன் வீட்டார் படத்துக்குப் போடுவார்கள்.

எல்லாம் சொல்லி முடித்தபிறகு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். குந்தி வேஷம் யார் கட்டுகிறார், அவருக்குக் குரல் இருக்கிறதா என்று.